நாயுண்ணியும் வளர்ப்போர் கடமையும்



வளர்ப்பு நாயை உண்ணி கடித்தால் செய்ய வேண்டியவை எவை, செய்யக் கூடாதவை எவை என்பது இன்றைய சொற்பொழிவின் பொருள். தமிழ்நாட்டில் நாய் வளர்க்கும் வீடுகளில் உண்ணியைக் காணாத வீடு அரிது. ஆயினும், கண்ணில் பட்ட உண்ணியைப் பிடுங்கிக் கல்லில் தேய்த்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்னும் நம்பிக்கையே இன்றும் பரவலாக இருக்கிறது. தொல்லை தீர்ந்ததா? தோலில் இருந்த உண்ணி போயிற்று. அது குருதிக்குள் செலுத்திய கிருமியும் போயிற்றா? அது பிறந்த சுவர் விரிசலும் அடைபட்டதா? உண்ணிக்கடி நாயின் தோலில் தொடங்கி, குருதியில் தொடர்ந்து, வீட்டின் மூலைமுடுக்குகளில் மீண்டும் பிறக்கும் ஒரு சுழற்சி ஆகையால், தோல், குருதி, வீடு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கவனிப்பவரே அதை வெல்ல முடியும் என்பதே இங்கே விளக்கப்படவிருக்கும் கருத்து.

முதலில் எதிரியை அறிய வேண்டும். உண்ணி ஒரு பூச்சி அன்று. பூச்சிக்கு ஆறு கால்கள். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். சிலந்தியும் தேளும் அடங்கிய வகுப்பில் அதையும் உயிரியலார் சேர்த்திருக்கின்றனர். இந்தியாவில் நாய்களின் மேல் மிகுதியாகக் காணப்படுவது பழுப்பு நாயுண்ணி. ரைப்பிசெஃபாலஸ் சாங்குவினியஸ் என்னும் இனத்தொகுதியைச் சேர்ந்தது அது. முட்டை, ஆறு கால்களுடைய லார்வா, எட்டுக் கால்களுடைய நிம்ஃப் எனப்படும் இளம்பருவம், முதிர்ந்த உண்ணி என நான்கு பருவங்கள் அதற்கு உண்டு. முட்டையை விட்டு வெளிவந்த பின், ஒவ்வொரு பருவத்திலும் அது நாயின் மேல் ஏறிக் குருதி குடித்து, வயிறு நிறைந்ததும் கீழே உதிர்ந்து, மறைவிடத்தில் தோலுரித்து, அடுத்த பருவத்தை அடைந்ததும் மீண்டும் நாயைத் தேடி ஏறுகிறது. முதிர்ந்த பெண் உண்ணி ஒரு வாரமோ அதற்கு மேலோ குருதியை உறிஞ்சி, ஆமணக்கு விதை போல் பருத்து உதிர்ந்து, சுவர் இடுக்கில் ஒரே ஈட்டில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டு இறந்துபோகிறது. வெப்பமான சூழலில் இந்தச் சுழற்சி முழுவதும் இரண்டு மூன்று மாதங்களில் நிறைவுறும். குருதி கிடைக்காவிட்டாலோ, முதிர்ந்த உண்ணி ஓர் ஆண்டுக்கு மேலும் பட்டினியாகக் காத்திருக்க வல்லது. ஆதலால், நாய் இல்லாமல் சில மாதம் பூட்டிக் கிடந்த வீட்டிலும் உண்ணி உயிரோடு காத்திருக்கக் கூடும்.

இவ்வளவு சிறிய உயிர் நாயை எவ்வாறு கண்டுபிடிக்கிறது? அதன் முன்னங்கால்களின் நுனியில் ஹாலர் உறுப்பு எனப்படும் நுண்ணிய புலனுறுப்பு இருக்கிறது. நாய் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவையும், உடலின் வெப்பத்தையும், மணத்தையும் அது உணர்ந்துகொள்கிறது. கடித்தும் ஏன் நாய் உணர்வதில்லை? உண்ணி முதலில் தோலைக் கீறி, பின்னோக்கிய முட்கள் நிறைந்த வாயுறுப்பை உள்ளே செலுத்தி, பசை போன்ற ஒரு சுரப்பால் தன்னைத் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் எச்சிலில் குருதி உறைவதைத் தடுக்கும் பொருள்களும், வலியையும் அரிப்பையும் மட்டுப்படுத்தும் பொருள்களும், உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் பொருள்களும் கலந்திருக்கின்றன. எனவே, நாய் சொறியவில்லை, ஆகையால் உண்ணி இல்லை என்று முடிவு செய்வது பெரும் பிழை. கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் தேடாத வரையில் உண்ணி இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது.

குருதி குடிப்பதோடு உண்ணி நிறுத்திக்கொண்டால் அச்சம் இல்லை. நோயையும் சுமந்து வருவதால்தான் அச்சம். இந்த உண்மையை உலகம் அறிந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவில் மாடுகளைக் கொன்று குவித்த டெக்சாஸ் காய்ச்சலை ஆராய்ந்த தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும், அந்நோயை ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கொண்டுசெல்வது உண்ணியே என்று 1893இல் நிறுவினர். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1897இல்தான். நாய்களைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் சென்னைக்கும் தனியிடம் உண்டு. ஹெப்பட்டோசூன் கேனிஸ் என்று இன்று அழைக்கப்படும் ஒட்டுண்ணி 1905இல் இந்திய நாய்களின் குருதியிலேயே முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 1910இல் பேட்டன் என்னும் ஆய்வாளர், சென்னையில் ஆங்கிலேயர் நரிவேட்டைக்காக வளர்த்த நாய்களின் குருதியில் அதுவரை அறியப்படாத ஓர் ஒட்டுண்ணியைக் கண்டு, பின்னர் அதையே நரியின் குருதியிலும் கண்டார்; பபீசியா கிப்சோனி என்று உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்றுள்ள நோய்க்கிருமி அதுவே. நூறாண்டுக்கு முன் சென்னை நாய்களில் கண்டறியப்பட்ட அந்நோய் இன்றும் சென்னை நாய்களை விட்டபாடில்லை.

மற்றொரு கிருமியின் கதை இதனினும் துயரமானது. எர்லிக்கியா கேனிஸ் என்னும் பாக்டீரியா 1935இல் அல்ஜீரியாவில் நாய்களிடம் கண்டறியப்பட்டது; ஆயினும் அதன் கொடுமையை உலகம் முழுமையாக உணர்ந்தது வியட்நாம் போரின்போதுதான். 1960களின் இறுதியில் அங்கே பணியாற்றிய அமெரிக்கப் படை நாய்கள், அவற்றுள்ளும் சிறப்பாக ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்கள், மூக்கிலிருந்து குருதி வழிய, உடல் மெலிந்து, நூற்றுக்கணக்கில் மடிந்தன. குண்டுக்கு அஞ்சாத நாய்கள் உண்ணியிடம் தோற்றன. படை நாய்க்கு நேர்ந்தது வீட்டு நாய்க்கு நேராதா? நேரும், நேர்ந்துகொண்டும் இருக்கிறது. ஆகவே இனி, செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, தோல். வெளியே சென்று திரும்பிய நாயை அன்றன்றே தேடிப் பார்ப்பது முதற்கடமை. எங்கே தேடுவது? காதின் உட்புறத்திலும் காது மடிப்பிலும், கழுத்துப்பட்டையின் அடியிலும், கால் விரல்களின் இடுக்கிலும், அக்குளிலும், தொடை இடுக்கிலும், வாலின் அடியிலும், இமையோரத்திலும் தேட வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற குறுமயிர் நாய்களிடம் உண்ணி எளிதில் கண்ணுக்குப் படும். கோல்டன் ரெட்ரீவர், ஷிட்சு போன்ற நெடுமயிர் நாய்களிடமோ மயிரை வகிர்ந்து வகிர்ந்து, விரல் நுனியால் தோலைத் தடவியே அறிய முடியும். நாட்டு நாய்க்கு உண்ணி ஒன்றும் செய்யாது என்பது ஆதாரமற்ற நம்பிக்கை. எந்த இனத்து நாயும் உண்ணி நோய்க்கு விலக்கு அன்று.

உண்ணியைக் கண்டால் எவ்வாறு எடுப்பது? கையுறை அணிந்துகொண்டு, கூர்முனையுள்ள சாமணத்தால், உண்ணியின் பருத்த வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டிய அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, முறுக்காமலும் வெடுக்கென்று இழுக்காமலும், சீரான விசையுடன் நேராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். எடுத்த உண்ணியை விரலால் நசுக்கக் கூடாது. நசுக்கினால் அதன் உடலில் உள்ள கிருமி விரலின் கீறல் வழியாகவோ, கண்ணைத் தேய்க்கும்போது கண் வழியாகவோ மனிதருக்குள் நுழையக் கூடும். மூடியுள்ள சிறு குப்பியில் ஸ்பிரிட் ஊற்றி அதில் இட்டால் உண்ணி இறந்துவிடும்; குப்பியின் மேல் தேதியை எழுதி வைத்தால், பின்னர் நாய்க்குக் காய்ச்சல் வரும்போது மருத்துவருக்கு அது பயன்படும். கடிவாயைப் போவிடோன் அயோடின் மருந்தால் துடைத்து, கைகளைச் சோப்பால் கழுவிவிட வேண்டும். வாய்ப்பகுதியின் துணுக்கு தோலுக்குள் ஒடிந்து தங்கிவிட்டால், ஊசியால் தோண்டிப் புண்ணாக்க வேண்டியதில்லை. உடலே அதை மெல்ல வெளியேற்றிவிடும். கடித்த இடத்தில் சில நாள் சிறு தடிப்பு இருப்பது இயல்பு. அது சீழ் பிடித்தாலோ, பெரிதாகிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செய்யக் கூடாதவை எவை? மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. தீக்குச்சியால் சுடக் கூடாது. சுண்ணாம்பும் புகையிலைச் சாறும் பூசக் கூடாது. இவற்றால் உண்ணி உடனே விட்டுவிடுவதில்லை. துன்புற்ற உண்ணி கடிவாய்க்குள் எச்சிலையும் வயிற்றில் உள்ளதையும் மேலும் கக்கக் கூடும் என்பதோடு, நாயின் தோலும் வெந்து புண்ணாகிறது. மண்ணெண்ணெயையும் புகையிலையையும் நாய் நக்கிவிட்டால் அது தனியே ஒரு நஞ்சூட்டல் ஆகிவிடும். உண்ணியை விரட்டப் பூண்டு கொடுக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் குருதிச்சோகையை உண்டாக்குபவை. உண்ணியால் ஏற்கெனவே குருதி இழந்த நாய்க்கு மேலும் குருதியை இழக்கச் செய்யும் பொருளை மருந்தென்று கொடுப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

இரண்டாவது, குருதி. தோலில் உண்ணி இல்லாத நாளிலும் குருதியில் நோய் இருக்கலாம். எர்லிக்கியா கிருமி உண்ணி பற்றிய சில மணி நேரத்திற்குள்ளேயே நாயின் உடலுக்குள் புகுந்துவிடக் கூடியது. எனவே மாலையில் எடுத்துவிட்டோம் என்ற ஆறுதல் முழு ஆறுதல் ஆகாது. கிருமி புகுந்து ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் நோயின் முதற்கட்டம் வெளிப்படும்: காய்ச்சல், உணவில் விருப்பமின்மை, சோர்வு, நிணநீர்க் கணுக்களின் வீக்கம் ஆகியவை தோன்றும். நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும்; மனிதரின் அளவைக் கொண்டு நாயின் காய்ச்சலை அளக்கக் கூடாது. முதற்கட்டத்தில் கவனிக்காமல் விட்டால், நாய் தேறியது போல் தோற்றமளிக்கும் இரண்டாம் கட்டம் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நீளும். அந்த அமைதியை நலம் என்று எண்ணி ஏமாந்துவிடும் குடும்பங்கள் பல. மூன்றாம் கட்டத்தில் எலும்பு மஜ்ஜையே செயலிழந்து, சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் குறைந்துவிடும். தட்டணு என்பது குருதி உறைவதற்கு உதவும் நுண்ணிய அணு. அது குறைவதால்தான் மூக்கில் குருதி வடிகிறது, வயிற்றுத் தோலிலும் ஈறுகளிலும் செம்புள்ளிகள் தோன்றுகின்றன.

பபீசியாவின் போக்கு வேறு. அது சிவப்பணுவுக்குள்ளேயே குடிபுகுந்து அதை உடைப்பதால், ஈறுகள் வெளுக்கும், சில நாய்களுக்குக் கண்வெள்ளை மஞ்சளாகும், சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கும், மண்ணீரல் வீங்கும். ஹெப்பட்டோசூனோ கடியால் பரவுவதே இல்லை. கிருமியுள்ள உண்ணியை நாய் கடித்து விழுங்கும்போதுதான் உள்ளே செல்கிறது. ஆகவே, பிடுங்கிய உண்ணியை நாயின் முன்னால் தரையில் போடுவது, நோயை அதன் வாயில் ஊட்டுவதற்கு ஒப்பாகும். வெளிநாட்டு நூல்கள் லைம் நோயைப் பற்றியே பெரிதும் பேசும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேறு உண்ணியினங்கள் பரப்பும் நோய் அது. தமிழ்நாட்டில் நாய் வளர்ப்போர் முதலில் நினைவில் நிறுத்த வேண்டிய பெயர்கள் எர்லிக்கியாவும் பபீசியாவுமே.

ஆகவே, உண்ணி கடித்த நாயை மூன்று வாரமேனும் கூர்ந்து கவனிக்க வேண்டும். நாள்தோறும் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சிறுநீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும். தட்டில் வைத்த உணவு மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருத்துவர் குருதியணுக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பார். காது நுனியிலிருந்து ஒரு துளி குருதியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் கிருமியைத் தேடுவார். தேவைப்பட்டால் எதிர்ப்பொருளைக் காட்டும் விரைவுச் சோதனையும், கிருமியின் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையும் செய்யப்படும். எர்லிக்கியாவுக்குப் பொதுவாகத் தரப்படும் மருந்து டாக்சிசைக்ளின். அதை வழக்கமாக 28 நாள் தர வேண்டியிருக்கும். நான்கைந்து நாளில் நாய் எழுந்து வாலை ஆட்டியதும் மருந்தை நிறுத்திவிடுவது, நோயை மறைத்து வைப்பதே ஆகும், தீர்ப்பது ஆகாது. பபீசியாவுக்கு மருந்துகள் வேறு; கிப்சோனி வகைக்கும் உருவில் பெரிய பபீசியா வகைக்குமே மருந்து மாறுபடும். எனவே, பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டு இந்த வீட்டு நாய்க்கு மருந்து வாங்குவது அறிவுடைமை ஆகாது. இன்னும் ஓர் எச்சரிக்கை: காய்ச்சல் என்று மனிதருக்கான பாரசிட்டமாலையோ ஐபுப்ரோஃபெனையோ நாய்க்குக் கொடுக்கவே கூடாது. இரண்டும் நாய்க்கு நஞ்சாகக் கூடியவை. ஐபுப்ரோஃபென் தட்டணு குறைந்த நாயின் குருதிப்போக்கை மேலும் பெருக்கக் கூடியது.

கடித்த பின் ஓடுவதைவிடக் கடிக்கும் முன் காப்பது மேல் அன்றோ? அதற்கு இன்று வழி இருக்கிறது. தோலின் மேல் பிடரியில் துளிக்கும் மருந்துகள், பல மாதம் செயல்படும் மருந்துப் பட்டைகள், உணவைப் போல் மென்று தின்னும் மாத்திரைகள் என மூவகைக் காப்பு கிடைக்கிறது. மாத்திரைகளுள் ஐசாக்சசோலின் என்னும் வகை 2013, 2014 முதல் பயன்பாட்டுக்கு வந்தது. அவ்வகையில் சில ஒரு மாதமும், ஃப்ளூரலானர் மாத்திரை ஏறத்தாழ 12 வாரமும் காக்கும். இவை உண்ணி கடித்துக் குருதி குடித்த பின்னரே அதைக் கொல்வதால், மாத்திரை தின்ற நாயின் மேல் ஓரிரு உண்ணியைக் கண்டதும் மருந்து பயனற்றது என்று முடிவு செய்துவிடக் கூடாது. அதேசமயம், இவ்வகை மருந்தால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் நேரக் கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது. வலிப்பு வந்த நாய், சினை நாய், சிறு குட்டி ஆகியவற்றுக்கு மருத்துவரைக் கேட்காமல் தரலாகாது. பெரிய நாய்க்குரிய மாத்திரையை உடைத்துச் சிறிய நாய்களுக்குப் பங்கிட்டால் அளவு மாறிவிடும். மாட்டுக்குரிய தெளிப்பு மருந்தைக் கண்ணளவாகக் கலந்து நாயின் மேல் ஊற்றுவது உயிருக்கே கேடாகலாம். கோலி இன நாய்களில் பலவற்றுக்கு ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்து ஊசி மூளையைத் தாக்கும் நஞ்சாகும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொல்லக் கூடியது ஆகையால், நாயும் பூனையும் ஒன்றாக உறங்கும் வீடுகளில் இரட்டிப்புக் கவனம் தேவை.

மூன்றாவது, வீடு. நாயின் மேல் காணும் உண்ணிகள் மொத்தத்தில் ஒரு சிறு பகுதியே. பெரும்பகுதி முட்டையாகவும் லார்வாவாகவும் பசித்த உண்ணியாகவும் சுற்றுப்புறத்தில் ஒளிந்திருக்கிறது. எங்கே ஒளிந்திருக்கிறது? காட்டுக்குள் வாழும் உண்ணிகளைப் போலன்றி, பழுப்பு நாயுண்ணி கட்டடத்துக்குள்ளேயே தன் முழு வாழ்வையும் நடத்த வல்லது. அது உயரமான இடம் நோக்கி ஏறும் இயல்புடையது. ஆகையால், நாய் படுக்கும் சாக்கின் அடியிலும், கதவுச் சட்டத்தின் பின்னும், கட்டில் மூட்டுகளிலும், சுவர் விரிசலிலும், திரைச்சீலை மடிப்பிலும், சில வேளை கூரையோரத்திலும் அதைத் தேட வேண்டும். நாயின் படுக்கையை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். இடுக்குகளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, அந்தத் தூசியை உடனே கட்டி அப்புறப்படுத்த வேண்டும். சுவர் விரிசல்களைச் சிமெண்டு பூசி அடைக்க வேண்டும். பூச்சிக்கொல்லி தெளிக்க நேர்ந்தால், முட்டைகள் பலவும் முதல் தெளிப்புக்குத் தப்பிவிடுவதால், சில வார இடைவெளியில் மீண்டும் தெளிக்க வேண்டும்; மருந்து உலரும் வரை நாயும் குழந்தைகளும் அங்கே செல்லக் கூடாது. ஒரே தெளிப்போடு நிறுத்தியவர் வீட்டில் அடுத்த மாதமே உண்ணி சுவரேறினால் வியப்பதற்கு ஏதும் இல்லை.

வீட்டில் வாழ்வது நாய் மட்டுமா? மனிதரும் அன்றோ? பழுப்பு நாயுண்ணி முதன்மையாக நாயையே நாடும்; ஆயினும் அது மனிதரைக் கடிப்பதும் உண்டு. ரிக்கெட்சியா கோனோரி என்னும் கிருமியால் வரும் இந்திய உண்ணி டைபஸ் அவ்வாறு மனிதருக்குப் பரவும் நோயாகும். செய்திகளில் உண்ணிக்காய்ச்சல் என்று குறிப்பிடப்படும் ஸ்க்ரப் டைபஸ் இதனின்று வேறானது; புதர்களில் வாழும் வேறொரு சிற்றுயிரின் லார்வா கடிப்பதால் அது வருகிறது; அதற்காக வீட்டு நாயைப் பழிப்பதும் தெருவில் விடுவதும் பொருந்தாது. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டக் காட்டுப்பகுதியில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோயைப் பரப்புவது காட்டு உண்ணி. ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலையோரம் நாயோடு நடப்பவர், திரும்பியதும் நாயின் உடலோடு தம் உடலையும் தேடிப் பார்க்க வேண்டும். உண்ணி கடித்தவருக்குக் காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

இறுதியாக, இது ஒரு வீட்டின் வேலை மட்டும் அன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டு உண்ணி மறுவீட்டுக்கு ஏறும். தெருநாயின் உண்ணி வளர்ப்பு நாய்க்கு மாறும். தெருநாய்களுக்கு உணவளிக்கும் அன்பர்கள், மருத்துவரின் அறிவுரைப்படி, அந்த உணவோடு உண்ணி மாத்திரையையும் அளித்தால், அந்தத் தெருவின் எல்லா நாய்களுக்கும் அது காவல் ஆகும். தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் செய்யும் உள்ளாட்சி அமைப்புகள், அதே வேளையில் உண்ணி மருந்தையும் அளிக்கலாம். நாய் கையில் இருக்கும் அந்த நேரத்தைவிட நல்ல நேரம் வாய்க்காது. சென்னையில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கால்நடை மருத்துவ அறிவியலுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் 1989 முதல் இந்த மாநிலத்தில் இருக்கிறது. அறிவுக்கு இங்கே குறைவில்லை. அந்த அறிவு, கொல்லையில் காவல் காக்கும் நாய் வரையில் சென்று சேர்கிறதா என்பதே கேள்வி. மாதந்தோறும் மாத்திரை வாங்குவது எளிய குடும்பத்துக்குப் பெருஞ்செலவு. ஆகவே ஊர்தோறும் உள்ள கால்நடை மருந்தகங்களில் நாயுண்ணி மருந்து கிடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை, கேட்டே தீர வேண்டிய கோரிக்கை.

ஆயினும், அது வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாள்தோறும் தேடும் விரலுக்கு விலை இல்லை. வெந்நீருக்கும் வெயிலுக்கும் மருந்துச்சீட்டு வேண்டியதில்லை. ஈறின் நிறத்தைப் பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை. எழுதிக்கொடுத்த மருந்தை எழுதிய நாள் வரை கொடுக்க உறுதி ஒன்றே போதும். இவ்வளவும் அறிந்த பின் ஒரு நாய் உண்ணி நோயால் இறக்குமானால், அதற்கு விதியைக் காரணம் காட்ட முடியாது. வளர்த்தோரின் கவனக்குறைவே காரணமாகும். அக்குறை இந்த அவையினர் எவர் வீட்டிலும் நேராதிருக்கட்டும்.